லாலியம்மா சொன்ன ‘சீ’

உக்காருங்க தம்பி, உங்க சீட்டுத்தானுங்க அது. சித்தெ பொறுங்க, இந்தத் தும்பாவை எடுத்துடறேன். ஏ சாரதாமணி, இதை முன்னாடி வாங்கிக்கோ. காலு ரெண்டுக்கும் நடுவுல வெச்சுப் புடிச்சுக்கோ, பஸ்ஸு திரும்பறப்ப உருண்டுறப் போகுது. மேல கை வெக்காத. தோலு எறங்கிப் போயிரும்.

ம், இப்ப நல்லா உக்காருங்க. பெங்களூர் வரைக்குங்களா? நாங்களும் அங்கதானுங்க. முன்சீட்டுல இருக்கறது என் சம்சாரம். கண்ணை மூடியிருக்கான்னு நம்பாதீங்க, காது ரெண்டும் இங்கதான் இருக்கும்.

தும்பான்னா தெரியாதுங்களா? மெல்லிசைக் கச்சேரி பாத்திருப்பீங்களே. தபேலாக்காரருக்குப் பக்கத்துல இடுப்பு உயரத்துக்கு, நடுவுல தொப்பை தள்ளிட்டு ஒண்ணு நிக்கும். வெளியில காங்கோம்பாங்க, எங்க ஆளுங்க தும்பாம்போம். கோயமுத்தூர்ல பழைய கச்சேரி ஆளுங்க யாரையாச்சும் புடிச்சு, தும்பா குழந்தைவேலுன்னு கேட்டுப் பாருங்க. இப்பக் கேட்டா மோட்டார் குழந்தைவேலும்பாங்க. ரீவைண்டிங் கடை வெச்சிருக்கறனுங்க. கெணத்து மோட்டாருக்குக் காயில் கட்டறது.

முப்பத்தாறு வருசமா நான் அதைத் தொடலீங்க. ஆனா தோலைப் பாத்தீங்களா, ஒரு சுருக்கம் உண்டா? நடுவுல அப்பிடியே மினுங்குது. அந்தக் காலத்துச் சரக்குங்க. இப்ப வர்ற தோலெல்லாம் ஆறு மாசம் சும்மா கெடந்தா தொளதொளன்னு ஆயிருது.

நாளைக்கு ஒருத்தரைப் பாக்கப் போறமுங்க. கியூபா தேசத்து அம்மா. கொட்டும் வாசிப்பாங்க, பாட்டும் பாடுவாங்க, ரெண்டும் ஒட்டுக்கா. எவுலாலியா சுலுவேத்தான்னு பேரு. பேருலதான் சுலுவு இருக்குது, வாய்க்கு வரமாட்டீங்குது. அவங்க ஊர்லயே லாலின்னுதான் கூப்புடுவாங்களாம். நமக்கு லாலின்னா ஊஞ்சப் பாட்டு. அந்தம்மா பாடினா ஊஞ்சல்ல தூங்கற கொழந்தை எந்திரிச்சு ஆடும்.

அவங்களைப் பத்தி நான் நெனைக்கறதே இல்லீங்க. நெனைச்சு என்ன ஆகப்போகுது? நாப்பத்தஞ்சாம் வருசம் ஆகஸ்ட் மாசம் பொறந்தவங்க. மத்தான்சாஸுன்னு ஒரு தொறமுக ஊரு. அப்பாவுக்குக் கப்பல்ல சக்கரை மூட்டை ஏத்தற வேலை. தாய்மாமனுங்க மூணு பேரு, மூணு பேருமே கொட்டு வாசிக்கறவங்க. அவங்க முப்பாட்டனுங்களை ஆப்பிரிக்காவுல இருந்து சங்கிலியில கட்டிக் கப்பல்ல கொண்டாந்து கரும்புக் காட்டுல தள்ளினாங்களாம். கையில ஒரு சாமான் கொண்டார வுடல. தாளத்தை மட்டும் தலைக்குள்ள வெச்சுக் கொண்டாந்துட்டாங்க. அதை யாரு புடுங்க முடியும்?

ஆனா பாருங்க, அந்த வீட்டுல ஒரு சட்டம். பொம்பளைங்க பாடலாம், ஆடலாம், கொட்டைத் தொடக்கூடாது. பொம்பளை கை பட்டா கொட்டுக்குள்ள இருக்கற சாமி கோவிச்சுக்குமாம். என்ன அநியாயம் பாருங்க. கேக்கறப்பவே எனக்கு வயிறு எரியுதுங்க. அந்தம்மா என்ன பண்ணுனாங்க, மெழுகுவத்தி வர்ற மரப்பெட்டி ஒண்ணைச் சமையக்கட்டுல கவுத்து வெச்சுட்டு, மாமனுங்க தொறமுகத்துக்குப் போனதும் பகல் பூரா அதுல தட்டித் தட்டிப் பழகுனாங்க. எட்டு வருசம். ஒரு ஆம்பளைக்கும் தெரியல. அந்த வீட்டு ஆம்பளைங்க காதுல என்னதான் வெச்சு அடைச்சிருந்தாங்களோ, எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலீங்க.

அப்பறம் ஒரு நாள் ஆட்டம் நடக்கறப்ப நடு மாமன் கை முறிஞ்சு வரல. பத்தொம்பது வயசுப் புள்ளை, பாடறதுக்கு நின்னுட்டு இருந்தவ, பாடிக்கிட்டே போயி அந்த எடத்துல உக்காந்துட்டா. சாமி கோவிச்சுக்கல. மாமனுங்கதான் கோவிச்சுக்கிட்டாங்க. ஆனா சனம் எந்திரிச்சுப் போகமாட்டேன்னுருச்சு. அதுக்கப்பறம் ஹவானா, மெக்சிகோ, பாரிசு. மொத இசைத்தட்டு வந்துச்சு பாருங்க, அதுல பாடுனதும் அவங்க, வாசிச்சதும் அவங்க. ஆனா ‘தாளம்’னு போட்டு மூத்த மாமன் பேரை அச்சடிச்சிருந்தாங்க. அவரு அந்தப் பக்கமே வரலீங்க, வீட்டுல குறட்டை வுட்டுட்டு இருந்தாரு. தம் பேரு தட்டுல வர்றதுக்கு அந்தம்மாவுக்கு இன்னும் பதினோரு வருசம் புடிச்சுது.

இதெல்லாம் நான் தேடித் தெரிஞ்சுக்கலீங்க. காதுல வுழுகறதுதான். சாரதாமணி, எதுக்குச் சிரிக்கற? பொட்டாட்டம் தூங்கு.

விசயத்துக்கு வர்றேன். எம்பத்தேழுல கியூபாவுல இருந்து ஒரு நட்புக் குழு ஊரூராப் போச்சுங்க. கோயமுத்தூருக்கும் வந்துச்சு. மில்லுத் தொழிலாளிங்க மைதானத்துல சாயங்காலம் ஆட்டம். ரயில்ல வந்த வழியில அவங்க தும்பா ஒண்ணு ஒடைஞ்சு போச்சு. உள்ளூர்ல யாருகிட்ட இருக்குதுன்னு விசாரிச்சு எங்கிட்ட வந்தாங்க. அப்ப நான் பொன்வீணை மெல்லிசைக் குழுவுல வாசிச்சுட்டு இருந்தேன். மேடையில எம்பேரைச் சொன்னாலே விசிலு பறக்கும். சும்மா சொல்லலீங்க, அவளைக் கேளுங்க. கேக்க வேண்டாம், தூங்கறா.

தும்பாவைத் தோள்ல தூக்கிட்டு மத்தியானமே போயிட்டனுங்க. கூட வந்த மொழிபெயர்ப்பாளரு டில்லிக்காரரு, சாப்பிடப் போயிருந்தாரு. உள்ளார அந்தம்மா மட்டும். நல்ல உயரம், தலையில மஞ்சத் துணி கட்டியிருந்தாங்க. தும்பாவைத் தடவிப் பாத்தாங்க, ஒரு தட்டுத் தட்டுனாங்க, அப்பறம் வாசின்னு கையைக் காட்டுனாங்க.

நான் சும்மா வுடுவனுங்களா? தெரிஞ்சதையெல்லாம் அவுத்து வுட்டேன். அந்தம்மா சிரிச்சுட்டே கேட்டாங்க. அப்பறம் ரெண்டு குச்சியை எடுத்து ஒரு தாளம் போட்டாங்க. மூணு தட்டு, சித்தெ சும்மா, அப்பறம் ரெண்டு தட்டு. டக், டக், டக். உம். டக் டக். அவ்வளவுதானுங்க. அவங்க சங்கீதம் பூராவும் அந்த அஞ்சு தட்டு மேலதான் நிக்குது. இதுக்கு வாசின்னாங்க. நம்ம கை இருக்குதே, அது சும்மா இருக்காதுங்க. காலி எடம் கெடச்சா ஒரு உருட்டு உருட்டி ரொப்பிப் போடுவோம். அந்த உம்முங்கற எடம் வர்றப்பெல்லாம் நான் ரொப்பறேன். அந்தம்மா என் மணிக்கட்டைப் புடிச்சு நிறுத்தறாங்க. ரொப்பறேன், நிறுத்தறாங்க. நாலு தடவை ஆச்சு. அஞ்சாவது தடவை, பல்லைக் கடிச்சுட்டு அந்த எடத்தை வுட்டேன்.

அந்தம்மா கண்ணை மூடிட்டு, தலையை ஆட்டி, ‘சீ’ன்னாங்க.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுதுங்க. சரி, எங்கியோ தப்புன்னு இன்னும் கவனமா வாசிச்சேன். ‘சீ, சீ’. இன்னும் சுத்தமா வாசிச்சேன். ‘சீ, சீ, சீ’. நான் நல்லா வாசிக்க வாசிக்க சீ ஏறிட்டே போகுது. நீங்களே சொல்லுங்க தம்பி, ஒருத்தன் வாசிக்கறப்ப மூஞ்சிக்கு நேரா சீ சீன்னா எப்பிடி இருக்கும்? தெருநாயைக் கூட ஒருக்காத்தான் சொல்லுவோம். கண்ணுல தண்ணி வந்துருச்சு. அதைப் பாத்துட்டு அந்தம்மாவும் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க. அவ்வளவு கேவலமா வாசிச்சுட்டமாட்டம் இருக்குதுன்னு நெனைச்சேன்.

அந்த நேரம் டில்லிக்காரரு ஏப்பம் வுட்டுட்டு வந்தாரு. அந்தம்மா அவருகிட்ட என்னமோ சொன்னாங்க. அவரு எங்கிட்ட, சாயங்காலம் மேடையில அவங்க பக்கத்துல நீங்க உக்காந்து வாசிக்கணுமாம்னாரு. எனக்குத் தெரியாதுங்களா? தனியாச் சொன்ன சீயை மூவாயிரம் பேரு முன்னால சொல்றதுக்குத்தானே கூப்புடறாங்கன்னு தோணிருச்சு. தலையை ஆட்டிட்டு, பீடி குடிச்சுட்டு வர்றேன்னு வெளிய வந்தவன், தும்பாவை அங்கியே போட்டுட்டு வீட்டுக்கு ஓடியாந்துட்டேன். எனக்குப் பீடிப் பழக்கமே கெடையாதுங்க.

ஆட்டத்துக்கு நான் போகல. சாரதாமணிதான் பக்கத்து வீட்டுக்காரங்களோட போயிட்டு வந்தா. வந்து கதவுகிட்டயே நின்னுட்டு, ‘உங்க தும்பாவைத்தானுங்க அந்தம்மா வாசிச்சாங்க, வாசிச்சுட்டே பாடுனாங்க, பக்கத்துல ஒரு முக்காலியைக் காலியாவே போட்டு வெச்சிருந்தாங்க’ன்னா. காலையில தும்பா திரும்ப வந்துச்சு, கூட ஒரு கேசட்டு, அந்தம்மா பாடுனது. அன்னிக்கே இவ கேட்டா, நானும் இதைச் சித்தெ தட்டிப் பாக்கட்டுமான்னு. நான் சிரிச்சுப் போட்டேன். பொம்பளை தொட்டா தோலு எறங்கிப் போயிரும்னு சொன்னேன். மாமனுங்க சொன்ன மாதிரி இல்லீங்க தம்பி, அது சாமி விசயம், மூடநம்பிக்கை. இது தோலு. இது சயின்ஸு.

அதுக்கப்பறம் தும்பாவுல கை வெச்சா சீன்னு கேக்கும். மேடையில வெச்சாலும் கேக்கும், வீட்டுல வெச்சாலும் கேக்கும். ரெண்டே மாசந்தான். குழுவை வுட்டு நின்னுட்டேன். மச்சான் கடையில காயில் கட்டப் போனேன், அப்பறம் சொந்தக் கடை ஆச்சு. மோட்டாரு யாரையும் சீன்னு சொல்லாதுங்க, ஓடும், இல்லாட்டிப் புகையும். தும்பாவை அட்டாலியில ஏத்திட்டேன். கொஞ்ச நாள்ல பாத்தா சமையக்கட்டு மூலையில இருந்துச்சு. என்னடீன்னா, மேல கெடந்தா எலி கடிக்கும்னு எறக்கி வெச்சுட்டேங்கறா. சரி, நல்லதுதான்னு வுட்டுட்டேன். கேசட்டையும் நான் தொடல. பூஞ்சை புடிச்சுரும்னு இவதான் அப்பப்பப் போட்டு ஓட வுடுவா. பொறுப்பான மனுசிங்க.

வீட்டுல எனக்கு ஒரே ஒரு தொந்தரவு அந்தக் கிரைண்டருதானுங்க. மேல்வீட்டு டீச்சரு ஒருக்கா என்னை நிறுத்தி, பகல்ல உங்க வீட்டுல தெனமும் என்னமோ சத்தம் வருதேன்னாங்க. இவகிட்டக் கேட்டேன். கிரைண்டர் பெல்ட்டு லூசு, அதான் தட்டுதுன்னா. பெல்ட்டு மாத்திக் குடுத்தேன். மறுபடியும் டீச்சரு சொன்னாங்க. மறுபடியும் மாத்துனேன். நானும் ஒருக்கா மத்தியானம் சாப்பாட்டுக்குச் சீக்கிரம் வந்தப்ப வாசல்லயே கேட்டேன், ஒரு மாதிரி வுட்டு வுட்டுத் தட்டுது. உள்ளார வந்தா நின்னு போச்சு. மோட்டாரை நானே கழட்டிப் பாத்தேன். ஒரு கோளாறும் இல்ல. ஊருக்கெல்லாம் மோட்டாரு பாக்கறவனுக்குத் தன் வீட்டுக் கிரைண்டரு புடிபடமாட்டீங்குதுங்க.

இங்கதான் கதை திரும்புதுங்க. போன மாசம் எங்க பொண்ணு வாணி வந்திருந்தா, பெங்களூர்ல இருக்கறா. அப்பா, உங்க லாலியம்மா பேட்டி வந்திருக்குதுன்னு போனைக் காட்டுனா. நான் பாக்கமாட்டேன்னேன். அப்பறம் சும்மா எட்டிப் பாத்தேன். எழுவத்தெட்டு வயசு ஆச்சுங்க, தலையில அதே மஞ்சத் துணி. விரலெல்லாம் முண்டு முண்டா வீங்கிக் கெடக்குது, இப்பப் பாட்டு மட்டுந்தான், கொட்டு வாசிக்க முடியறதில்லையாம். ஒரு பையன் கேள்வி கேக்கறான், கீழ இங்கிலீசுல எழுத்து ஓடுது, வாணி படிச்சுச் சொல்றா. உங்க அம்மாவை நெனைச்சுக்குவீங்களான்னு கேக்கறான். அந்தம்மா கண்ணு கலங்கி, ‘சீ’ங்கறாங்க.

எனக்குக் கோவம் வந்துருச்சு. பாத்தியா, பெத்த தாயைப் பத்திக் கேட்டா சீங்கறா, இவ என்னைச் சொன்னதுல என்ன அதிசயம்னு கத்திட்டேன். வாணி என்னை ஒரு மாதிரிப் பாத்தா. பாத்துட்டு மெதுவாச் சொன்னா, ‘அப்பா, அவங்க பாசையில சீன்னா ஆமான்னு அர்த்தம்ப்பா.’

ஆமா, ஆமா, அப்பிடித்தான், அப்பிடித்தான்னு அந்தம்மா சொல்லிட்டு இருந்திருக்கறாங்க. நான் நல்லா வாசிக்க வாசிக்க அது ஏறிட்டே போச்சுன்னு சொன்னேன் பாருங்க. கண்ணைத் தொடைச்சாங்கன்னு சொன்னேன் பாருங்க. அந்தக் காலி முக்காலி எனக்குப் போட்டதுங்க. முப்பத்தாறு வருசம் தம்பி. ஒத்தை எழுத்துக்கு.

இவ என்ன பண்ணுனான்னு நெனைக்கறீங்க? அழுவா, ஆறுதல் சொல்லுவான்னு பாத்தேன். விழுந்து விழுந்து சிரிக்கறா. ‘ஏனுங்க, என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப, கெணத்தடியில வெச்சு என்னைக் கட்டிக்கறயான்னு கேட்டீங்க. நான் ச்சீன்னு சொல்லிட்டு உள்ளார ஓடிட்டேன். நீங்க நேராப் போயி உங்கப்பாகிட்டப் புள்ளைக்குச் சம்மதம்னு சொன்னீங்க. நான் சொன்ன சீ மட்டும் ஆமான்னு வெளங்குச்சு, பாவம் அந்தம்மா சொன்னது வெளங்கலையாக்கும்’ங்கறா. மக முன்னால வெச்சுக் கேக்கறாங்க.

அந்தம்மா இந்த மாசம் பெங்களூர்ல பாட வர்றாங்கன்னு அந்தப் பேட்டியிலயே இருந்துச்சு. வாணி அந்தக் கச்சேரி நடத்தறவங்களுக்கு எழுதிப் போட்டா. இந்த மாதிரி, கோயமுத்தூரு, தும்பாக்காரரு, நீங்க ஆமான்னதைத் தப்பா எடுத்துக்கிட்டவருன்னு. நாலு நாள்ல அந்தம்மாகிட்ட இருந்தே பதில். ‘ஓடிப்போன ஆளா? தும்பாவோட வரச் சொல்லு. பாதியில வுட்டதை முடிச்சாகணும். முக்காலி போட்டு வெக்கறேன்.’

நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஒத்திகை. அந்தம்மா பாடறதுக்கு நான் வாசிக்கணும்.

மத்தவங்ககிட்டச் சொல்லல, உங்ககிட்டச் சொல்றேன். எனக்குப் பயமா இருக்குதுங்க. பதில் வந்த அன்னிக்கு, இவ கடைக்குப் போனப்பத் தும்பாவை இழுத்து வெச்சுத் தட்டிப் பாத்தேன். தகர டப்பாவைத் தட்டுன மாதிரி இருந்துச்சு. காயில் கம்பி சுத்திச் சுத்தி விரலெல்லாம் மரத்துப் போச்சுங்க. அந்த உம்முங்கற எடம் வந்தா ஒண்ணு மறந்துடறேன், இல்லாட்டி ரொப்பிப் போடறேன். ஒருத்தரு முப்பத்தாறு வருசம் முக்காலி போட்டு வெச்சிருக்கறாங்க. அதுல போயி உக்காந்துட்டு என்னத்தை வாசிக்கறது? நாளைக்கு அந்தம்மா சீன்னு சொல்லாமப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க.

ஏனுங்க, பஸ்ஸு நின்னு போச்சா? தொப்பூர்க் கணவாய்ங்களா? லாரி எதுவோ மறிச்சுட்டு நிக்குதாட்டம் இருக்குது. எஞ்சினை அணைச்சுட்டாரு. இனி எப்ப எடுப்பாரோ.

தம்பி, உங்க போனுங்களா அது? இல்லீங்களா? என்னமோ தட்டற சத்தம் கேக்குதே. கேளுங்க, சன்னமா. வுட்டு வுட்டுத் தட்டுது பாருங்க. இது எங்க கிரைண்டர் சத்தமுங்க. அச்சு அசலா அதேதான், பெல்ட்டு லூசாயிட்டா வர்றது. எனக்குத் தெரியாதுங்களா, ரெண்டு தடவை மாத்தியிருக்கறேன்.

கிரைண்டரை நாங்க பஸ்ஸுல கொண்டாரலீங்களே.

மூணு தட்டு. உம். ரெண்டு தட்டு. அந்த எடத்தை அப்பிடியே வுடறா பாருங்க. ரொப்பல. தொடவே இல்ல. மறுபடியும். இருங்க, எந்திரிச்சுப் பாக்கறேன். கண்ணை மூடிட்டுத்தான் இருக்கறா தம்பி. கை ரெண்டும் தோலு மேல இருக்குது. விரலு வேற நாலு எடத்துக்குப் போகுது, ஆனா அந்த அஞ்சு தட்டை வுட்டு எறங்கமாட்டீங்குது. வாயிக்குள்ள பாடறா. கேசட்டுல இருக்கற பாட்டுங்க அது.

மினுங்குதுன்னு உங்ககிட்டத்தானே சொன்னேன். அந்தக் காலத்துச் சரக்குன்னு சொன்னேன். மத்தான்சாஸு மாமனுங்க காதுல என்னத்தை வெச்சு அடைச்சிருந்தாங்களோன்னும் நான்தானுங்க கேட்டேன்.

ஏ சாரதா. இங்க பாரு. நான் ஒண்ணும் திட்டப் போறதில்ல, திரும்பு. நாளைக்கு அந்த முக்காலியில நீ உக்காரு. அந்தம்மா பாடட்டும், நீ வாசி. நான் பக்கத்துல நின்னுட்டுக் குச்சியைத் தட்டறேன், அது போதும் எனக்கு. வாசிக்கறயா?

‘ச்சீ, போங்க.’

கேட்டுக்கிட்டீங்களா தம்பி? இந்தத் தடவை எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லீங்க.